விலைச்சீட்டில் எழுதாத தேதி: பள்ளிகளில் குரோம்புக், ஒரு நிகழ்வு ஆய்வு

திரையில் கீறல் இல்லை. விசைகள் எல்லாம் ஒழுங்காக அழுந்துகின்றன. காலையில் சார்ஜ் ஏற்றினால் பள்ளி விடும்வரை தாங்குகிறது. அப்படியிருந்தும் அந்த மடிக்கணினி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. இந்தக் கருவிக்கு இனிப் புதுப்பிப்புகள் வராது என்ற அறிவிப்பு அதன் திரையில் வந்துவிட்டதுதான் காரணம். அதற்குப் பிறகும் அது இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இணையவழித் தேர்வு மென்பொருள்கள் பழைய பதிப்பை ஏற்க மறுக்கத் தொடங்கும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருள், கெடாமலேயே காலாவதியாகிறது.

பள்ளிகளுக்கு மலிவான கணினி என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த அலமாரிதான் எனக்கு நினைவுக்கு வரும். கோப்புகளும் செயலிகளும் தொலைவில் உள்ள சர்வர்களில் இருக்க, மாணவரின் கையில் திரை, விசைப்பலகை, ஓர் உலாவி மட்டும் இருக்கும் ஏற்பாட்டையே மேகக் கணினி என்கிறோம். இதைப் பள்ளிகளில் மிகப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திக் காட்டியது, கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக். 2011 முதல் அது கடந்து வந்த பாதை இன்று விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அது எங்கே உண்மையிலேயே மலிவாக இருந்தது, எங்கே செலவு வேறொரு பெயரில் திரும்பி வந்தது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

முன்னால் நடந்த இரண்டு முயற்சிகள்

யோசனை புதியதல்ல. 1990களின் நடுவில் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தின் லாரி எலிசன் 'நெட்வொர்க் கம்ப்யூட்டர்' என்ற பெயரில் இதையே முன்வைத்தார். 500 டாலரில் ஒரு கருவி. உள்ளே வன்தட்டு வேண்டாம். எல்லாம் வலைப்பின்னல் வழியாக வரும் என்றார். அன்றைய வீடுகளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர்ந்து வந்தது. அதற்குள் சாதாரணக் கணினிகளின் விலையும் இறங்கிவிட்டது. கருவி காலத்துக்கு முந்திப் பிறந்து மறைந்தது.

அடுத்தது, நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005இல் அறிவித்த 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம். 100 டாலரில் கணினி என்பது அதன் முழக்கம். 2007 இறுதியில் உற்பத்தி தொடங்கியபோது விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. அந்தக் கருவி மேகத்தை நம்பவில்லை. தேவையானதை உள்ளேயே வைத்துக்கொண்டு, வெயிலிலும் படிக்கத்தக்க திரையோடு வந்தது. பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவை அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. அறிவாற்றல் சோதனைகள் சிலவற்றில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது.

இந்த முடிவைக் காட்டி, கணினியால் பிள்ளைகளுக்குப் பயன் இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இணைய இணைப்பே கிடையாது. அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது, ஒரு கருவியைக் கையில் கொடுப்பது மட்டும் போதுமா என்ற கேள்விதான். போதாது என்ற விடை கிடைத்தது. இந்த விடையை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் குரோம்புக்கின் கதை விளங்கும்.

2011: விலைப்பட்டியல் சொன்ன உண்மை

கூகுள் 2009 ஜூலையில் குரோம் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை அறிவித்தது. 2010 டிசம்பரில் பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு கறுப்பு மடிக்கணினியைச் சோதனைக்கு அனுப்பியது. 2011 ஜூன் 15 அன்று சாம்சங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தன. ஏசர் கருவியின் விலை 349 டாலர். சாம்சங் கருவி 429 டாலர். அன்று கடைகளில் கிடைத்த சின்னஞ்சிறு நெட்புக்குகள் இதைவிட மலிவு. அதனால் பலர் இதை ஒரு விலையுயர்ந்த உலாவி என்றே பார்த்தார்கள்.

ஆனால் பள்ளிகளுக்கென்று அன்று அறிவித்த திட்டத்தைக் கவனிக்க வேண்டும். கருவியை விலைக்கு வாங்காமல், ஒரு மாணவருக்கு மாதம் 20 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குச் சந்தா கட்டலாம் என்றார்கள். பெருக்கிப் பாருங்கள்: 36 மாதத்துக்கு 720 டாலர். 429 டாலர் கருவிக்கு 720 டாலர் ஏன்? மீதித் தொகை, எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வசதிக்கும், தொழில்நுட்ப உதவிக்கும், பழுதானால் மாற்றுக் கருவி தருவதற்கும். கருவியின் விலை ஒரு பங்கு, அதைத் தினமும் ஓட வைப்பது இன்னொரு பங்கு என்று அந்தப் பட்டியல் வெளிப்படையாகச் சொன்னது. பிற்காலத்தில் வந்த பல விலைப்பட்டியல்களில் இந்த வெளிப்படைத்தன்மை இல்லை.

சந்தாத் திட்டம் நிலைக்கவில்லை. 2012 அக்டோபரில் சாம்சங் 249 டாலருக்கு ஒரு கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே ஏசர் 199 டாலருக்கு இறங்கியது. நிர்வாக வசதிக்கு மாதச் சந்தா போய், கருவிக்கு ஒருமுறை மட்டும் கட்டும் தொகை வந்தது. பள்ளிகள் திரும்பிப் பார்த்தது இப்போதுதான்.

கணினி அறையில் மாறியது

மேகக் கணினியின் மலிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் விலையைச் சொல்ல மாட்டேன். ஆசிரியரின் நேரத்தைச் சொல்வேன்.

பள்ளிக் கணினி அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். 40 கணினிகள், ஓர் ஆசிரியர். நான்கு கணினிகள் இயங்கவில்லை. மூன்றில் பென்டிரைவ் வழியாக வைரஸ் வந்திருக்கிறது. இரண்டில் யாரோ கடவுச்சொல்லை மாற்றிவைத்திருக்கிறார்கள். ஒன்று, பாடவேளை தொடங்கும் நேரம் பார்த்துப் புதுப்பிப்பை நிறுவிக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு மாணவி செய்த வேலை ஏழாவது கணினியில் இருக்கிறது. இன்று அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். 40 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் இப்படிப் போனால், ஆண்டு முழுவதும் நடக்கும் கணினி வகுப்பில் கால் பங்கு காணாமல் போகிறது. எந்த விலைச்சீட்டிலும் இந்தக் கால் பங்குக்கு விலை போட்டிருப்பதில்லை.

குரோம்புக் இந்த இடத்தில்தான் கை வைத்தது. அதன் உள்கட்டமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மெச்சத்தக்க பொறியியல் அது. கருவிக்குள் இயங்குதளத்தின் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு மற்றொன்றில் சத்தமில்லாமல் எழுதப்படும். அடுத்த முறை கருவியை இயக்கும்போது புதிய பிரதி எழுந்து வரும். அதில் கோளாறு என்றால் பழையதற்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இயங்குதளத்தை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று அதன் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்கும். மாற்றியிருந்தால், நல்ல பிரதியை மீட்டெடுக்கும். ஒவ்வொரு மாணவரின் தரவும் தனித்தனியே பூட்டப்பட்டிருப்பதால் ஒருவருடையதை மற்றவர் பார்க்க முடியாது. எல்லாம் குழம்பிப்போனால், கருவியைத் துடைத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரச் சில நிமிடங்கள் போதும். வேலை எல்லாம் சர்வரில் இருப்பதால் துடைப்பதில் இழப்பும் பெரிதாக இல்லை.

இதன் பலன் வகுப்பறையில் உடனே தெரிந்தது. எந்தக் கருவியை எடுத்தாலும், தன் கணக்கில் நுழைந்தால், நேற்று பாதியில் விட்ட கட்டுரை அதே வரியில் காத்திருக்கும். ஒரு கருவி உடைந்தால் பாடம் நிற்காது. கருவிகளை அடுக்கி வகுப்புக்கு வகுப்பு தள்ளிச்செல்லும் வண்டியிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான கருவிகளுக்கும் எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது, தேர்வு நேரத்தில் எது மட்டும் வரவேண்டும் என்பதை ஒரே ஒருவர் ஒரே திரையிலிருந்து முடிவு செய்யலாம். தொழில்நுட்ப ஊழியர் என்று ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாத பள்ளிக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதை, அந்த வேலையைச் செய்து களைத்தவர்கள்தான் சொல்ல முடியும். பின்னால் நான் எழுப்பப்போகும் எந்தக் குறையும் இந்த நன்மையை இல்லாமல் ஆக்கிவிடாது.

காலமும் கைகொடுத்தது. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது; அதாவது அதற்கும் இனிப் புதுப்பிப்புகள் இல்லை. பள்ளிகளில் கிடந்த பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பாடவேலைகளைக் கொடுக்கவும் திருப்பி வாங்கவும் உதவும் கூகுள் கிளாஸ்ரூம் வெளிவந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 2014-15 கல்வியாண்டில் பொதுத் தேர்வுகள் இணையவழிக்கு மாறின. அந்தத் தேர்வுகளுக்கு விசைப்பலகை கட்டாயம் என்பதால், தொடுதிரைக் கருவிகளை வாங்கிய பள்ளிகள் தனியாக விசைப்பலகைக்கும் செலவிட வேண்டியிருந்தது. குரோம்புக்கில் அது கூடவே வந்தது. 2016 வாக்கில் அமெரிக்கப் பள்ளிகள் வாங்கிய கருவிகளில் பாதிக்கு மேல் குரோம்புக்குகளாக இருந்தன.

தேதி

இனி அந்த அலமாரிக்குத் திரும்புவோம்.

ஒவ்வொரு குரோம்புக் மாதிரிக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதி என்று ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது ஐந்தாண்டு. பிறகு ஆறரை ஆண்டானது, 2020 வாக்கில் புதிய மாதிரிகளுக்கு எட்டாண்டானது. கூகுள் இதை மறைத்துவைக்கவில்லை. அதன் உதவிப் பக்கங்களில் மாதிரிவாரியாகப் பட்டியல் இருந்தது. ஆனால் கடையின் விலைச்சீட்டிலோ, பெட்டியின் மேலோ, பள்ளிக்கு வந்த விலைப்புள்ளியிலோ அது இல்லை. மருந்துப் பட்டைக்குக்கூடக் காலாவதித் தேதி அச்சிடுகிறோம். ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்குமாக வாங்கும் பொருளுக்கு அது அச்சிடப்படவில்லை.

அதைவிட முக்கியமான சங்கதி, கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்குகிறது என்பது. பள்ளி வாங்கிய நாளில் அல்ல. அந்தக் கருவியின் வன்பொருள் தளம் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளில். எட்டாண்டு ஆதரவுள்ள ஒரு மாதிரி வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழித்து, தள்ளுபடி விலையில் கிடைக்கிறதே என்று ஒரு பள்ளி வாங்கினால், அதன் கையில் இருப்பது ஐந்து ஆண்டுகள்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிய மாதிரியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எட்டாண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 12.5. நான்கு ஆண்டு பழைய மாதிரியை 80க்குத் தருகிறார்கள். எஞ்சியது நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 20. விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வாங்கியதாக மகிழ்ந்த பள்ளி, ஆண்டுக் கணக்கில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறது. பணம் குறைவாக உள்ள பள்ளிதான் தள்ளுபடியைத் தேடிப் போகும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த ஆய்வில் என்னை மிகவும் வருத்திய இடம் இதுதான்.

ஏன் இப்படி ஒரு தேதி தேவைப்படுகிறது என்பதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. சில்லு தயாரிப்பாளர்கள் தங்கள் பழைய சில்லுகளுக்கான அடிப்படை மென்பொருளை ஒரு கட்டத்துக்கு மேல் திருத்துவதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பையும் ஒவ்வொரு மாதிரியிலும் சோதித்துத்தான் வெளியிட வேண்டும். மாதிரிகள் பெருகப் பெருக அந்தச் சுமையும் பெருகும். ஆனால் குரோம்புக்கில் ஒரு தனிச் சிக்கல் சேர்ந்துகொண்டது. மற்றக் கணினிகளில் இயங்குதளம் பழையதானாலும் புதிய உலாவியைச் சில காலம் நிறுவிக்கொள்ளலாம். குரோம்புக்கில் உலாவியும் இயங்குதளமும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். இரண்டையும் பிரிக்க கூகுள் எடுத்த முயற்சியும் 2024இல் கைவிடப்பட்டது. உலாவியே எல்லாம் என்று கட்டப்பட்ட கருவிக்கு உலாவி பழையதாவது, மாட்டுவண்டிக்கு அச்சு முறிவதைப் போன்றது.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தத் தேதியின் கனம் முழுதாகத் தெரியவந்தது. 2020இல் பள்ளிகள் மூடியபோது, கிடைத்ததை வாங்கினால் போதும் என்ற அவசரத்தில் கோடிக்கணக்கான கருவிகள் வாங்கப்பட்டன. அவசரத்தில் யார் தேதியைப் பார்ப்பார்கள்? 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் பொதுநல ஆய்வுக் குழுக்களின் கல்வி நிதியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. குரோம்புக்குகளின் ஆயுளை இரட்டிப்பாக்கினால் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு 180 கோடி டாலர் மிச்சமாகும் என்று அது மதிப்பிட்டது. உதிரி பாகங்களின் நிலையையும் அது எடுத்துக்காட்டியது. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாதிரிகளுக்கே பாகங்கள் பொருந்தவில்லை. ஒரு விசைப்பலகையை மாற்ற ஆகும் செலவு, புதிய கருவியின் விலையில் பாதியை நெருங்கிய நேர்வுகளும் இருந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் மாற்றத்தை அறிவித்தது. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டுகள் தானாகவே புதுப்பிப்பு. அதற்கு முந்தைய மாதிரிகள் பலவற்றுக்கு, சில வசதிகளை விட்டுக்கொடுத்தால், நிர்வாகியின் விருப்பத்தின்பேரில் பத்து ஆண்டுவரை நீட்டிப்பு. மனமார வரவேற்க வேண்டிய முடிவு. அதே வேளையில் அது ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. அலமாரிக்குப் போகவிருந்த அதே கருவிகள், உள்ளே ஒரு திருகாணிகூட மாறாமல், மேலும் சில ஆண்டுகள் உழைக்கத் தகுதி பெற்றன. அப்படியானால் அந்தத் தேதியைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு கொள்கைக்கு இருந்தது. கொள்கை என்றால் கேட்டுப் பெறலாம். கேட்கும் வலிமை, ஆண்டுதோறும் மொத்தமாக வாங்கும் பள்ளிகளுக்கு எப்போதும் இருந்தது. அதை அவை உணரப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கடிகாரம் இன்னமும் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இணைப்பு இல்லாத நேரம்

2020 டிசம்பர் 14 அன்று, கூகுளின் உள்நுழைவுச் சேவை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றது. பயனர்களை அடையாளம் காணும் அமைப்புக்குச் சேமிப்பிடம் ஒதுக்கும் தானியங்கி முறை, அந்த அமைப்பின் பயன்பாட்டைப் பூஜ்யம் என்று தவறாகக் கணக்கிட்டு ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. உலகெங்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் பள்ளி நேரம். வகுப்பறையில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எங்கோ ஓர் எண் தவறாகப் பதிவானது, அவ்வளவுதான்.

இத்தகைய தடைகள் அரிது. பள்ளியே ஒரு சர்வரை வைத்துப் பராமரித்தால் அது இதைவிட அடிக்கடி நிற்கும். அன்றாடச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, பள்ளிக்கு வரும் கம்பியிலும் வகுப்பறையின் வைஃபையிலும். அமெரிக்க மாநிலங்களின் கல்வித் தொழில்நுட்ப இயக்குநர்கள் சங்கம் 2012இல் ஓர் அளவுகோலைத் தந்தது: முதற்கட்டமாக 1,000 மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நொடிக்கு 100 மெகாபிட், பிறகு ஒரு ஜிகாபிட். முதல் அளவை 1,000 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 0.1 மெகாபிட்; ஒரு காணொளிகூட ஒழுங்காக ஓடாது. இரண்டாவது அளவில் ஒருவருக்கு ஒரு மெகாபிட். எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை என்பதால் சமாளிக்கலாம். மேகக் கணினிக்கு மாறும் பள்ளி, கருவிக்கான தொகையோடு இந்த இணைப்புக்கான மாதக் கட்டணத்தையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் தனித்தனிக் கோப்பில் இருக்கும்வரை கருவி மலிவாகவே தெரியும்.

வீட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். 3 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020இல் அறிவித்தன. இணையம் இல்லாத வீட்டுக்கு மேகக் கணினியை அனுப்பினால் என்ன ஆகும்? முற்றிலும் பயனற்றது என்று சொல்வது தவறு. ஆவணங்களை முன்கூட்டியே இறக்கிவைத்துத் திருத்தலாம்; இணைப்பு வந்ததும் அவை சர்வருக்குப் போய்ச் சேரும். ஆனால் அதற்கு மூன்று காரியங்கள் முன்பே நடந்திருக்க வேண்டும். அந்த மாணவர் அதே கருவியில் ஏற்கெனவே ஒருமுறை இணைப்போடு உள்நுழைந்திருக்க வேண்டும். இணையமில்லாப் பயன்பாட்டை நிர்வாகி திறந்துவிட்டிருக்க வேண்டும். வெளியேறியதும் மாணவரின் தரவை அழித்துவிடும் அமைப்பு அணைக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவில் பயன்படுத்தும் வண்டிக் கருவிகளுக்கு அந்த அழிப்பு அமைப்பு நல்லது. அதே அமைப்போடு கருவியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், பிள்ளையால் உள்நுழையக்கூட முடியாது. ஒரு டிக் குறியில் ஒரு மாணவரின் மாலைநேரப் படிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இணைப்பு அறவே இல்லாத இடங்களுக்கு வேறு வழியே பொருத்தம். கோலிப்ரி போன்ற கட்டற்ற தளங்கள் பாடங்களை ஒரு சிறு கணினியில் ஏற்றி, வகுப்பறைக்குள்ளேயே வைஃபை வழியாகப் பரப்புகின்றன. வெளி இணையம் தேவையில்லை. மேகத்தை வகுப்பறைக்குள்ளேயே இறக்கிவைப்பது போன்ற ஏற்பாடு அது. இத்தகைய பள்ளிக்கு குரோம்புக் வாங்கித் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஹெல்சிங்கோரில் எழுந்த கேள்வி

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகள் குரோம்புக்கைப் பயன்படுத்தின. தன் பிள்ளைக்குத் தன் அனுமதியின்றி யூடியூப் கணக்கு திறக்கப்பட்டு, அதில் முழுப்பெயரும் வெளியே தெரிந்ததைக் கண்ட ஒரு பெற்றோர் 2019இல் முறையிட்டார். அந்த ஒற்றை முறையீடு நீண்ட தூரம் போனது. நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் நகராட்சியை இடர் மதிப்பீடு செய்யச் சொன்னது. செய்தது போதவில்லை என்று 2022 ஜூலை 14 அன்று குரோம்புக்கையும் கூகுளின் கல்விச் சேவைகளையும் அங்கே பயன்படுத்தத் தடை விதித்தது. கோடை விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளுக்குக் கருவி இல்லை. செப்டம்பரில் தடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜனவரி 30 அன்று ஆணையம் 53 நகராட்சிகளுக்கு உத்தரவிட்டது: கல்விக்கு அப்பால், கூகுள் தன் சேவைகளை மேம்படுத்தவும் புதிய வசதிகளை உருவாக்கவும் மாணவர் தரவைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை, சரிசெய்யுங்கள் என்று.

ஆணையத்தின் விரல் நகராட்சிகளை நோக்கி நீண்டது என்பதைக் கவனியுங்கள். தரவுக்குப் பொறுப்பாளி, பள்ளியை நடத்துபவர்தான். சேவை இலவசமாகக் கிடைத்தது என்பது அந்தப் பொறுப்பைக் குறைக்காது. வயதுவந்த ஒருவர் ஒரு சேவையைப் பிடிக்காவிட்டால் விலகலாம். பள்ளி தேர்ந்தெடுத்த கருவியிலிருந்து பத்து வயதுப் பிள்ளை விலக முடியாது. அதன் கட்டுரை, தேடல், தவறுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அதனால் இந்த இடத்தில் பள்ளி, பெற்றோரைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சட்டம் படித்தவர் தேவையில்லை. கல்விக்கு வெளியே உள்ள சேவைகள் மாணவர் கணக்கில் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நிர்வாகத் திரையில் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஹெல்சிங்கோரில் அந்த ஒரு மணி நேரம் முன்பே செலவிடப்பட்டிருந்தால், முதல் முறையீட்டுக்கே இடம் இருந்திருக்காது.

இலவசம் என்பதன் எல்லை வேறொரு வகையிலும் தெரிந்தது. பள்ளிகளுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் என்று இருந்ததை, ஒரு கல்வி நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று மாற்றப்போவதாக கூகுள் 2021இல் அறிவித்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு அது தாராளம்தான். நிபந்தனை ஒருதலையாக மாறக்கூடியது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

வாங்குவதற்கு முன்

கூகுளை விட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே சந்தைக்காக மைக்ரோசாஃப்ட் 2021 நவம்பரில் கொண்டுவந்த விண்டோஸ் 11 எஸ்ஈ பதிப்பின் ஆதரவு, ஐந்தே ஆண்டுகளில், 2026 அக்டோபரில் முடிவதாக அறிவிக்கப்பட்டது. அதை நம்பி வாங்கிய பள்ளிகளுக்கும் ஓர் அலமாரி காத்திருக்கிறது.

அலமாரியைத் திறக்கவும் வழி இருக்கிறது. நியூயார்க்கில் தொடங்கிய நெவர்வேர் என்ற நிறுவனம், பள்ளிகளின் பழைய கணினிகளில் குரோம் ஓஎஸ்ஸின் கட்டற்ற வடிவத்தை நிறுவித்தந்தது. கூகுள் 2020 இறுதியில் அதை வாங்கி, 2022இல் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்ட நிலையில், புதிதாக எதையும் வாங்காமல் ஒரு கணினி அறையை நடத்த முடியும். சான்றளிக்கப்பட்ட மாதிரிகளின் பட்டியலில் இதற்கும் முடியும் தேதி உண்டு. அதையும் பார்த்துவிட வேண்டும்.

புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே மாதிரியின் பெயரோடு புதுப்பிப்பு முடியும் தேதியையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். விலையை, எஞ்சிய ஆண்டுகளால் வகுத்து ஒப்பிட வேண்டும். விசைப்பலகை, திரை, பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலையும், எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற உறுதியும் வாங்க வேண்டும்.

கையெழுத்திடுவதற்கு முன்பு, மாதிரிக்காக வந்த கருவிகளை ஒரு வகுப்பில் கொடுத்து, ஒரு பாடவேளை முழுவதும் ரௌட்டரை அணைத்துவைக்கச் சொல்வேன். தலைமையாசிரியர் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். எத்தனை பிள்ளைகளால் உள்நுழைய முடிந்தது, எத்தனை பேரால் நேற்றைய வேலையைத் திறக்க முடிந்தது, எத்தனை பேர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணி, அந்த மூன்று எண்களையும் விலைப்புள்ளியின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளட்டும்.